பால் லாரிக்குப் பின்னால்

குஷிரோவில் வருடத்துக்கு நூறு நாள் மூடுபனி.
இந்த ஊரில் இருந்துகொண்டு
கூரை திறக்கும் கார் வாங்கினேன்.

இரண்டே இருக்கை.
"அரிசி மூட்டையை எங்கே வைப்பாய்?" என்றாள் ஹோஷினா.
பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து
பெல்ட் போட்டுக் கூட்டிவந்தேன், பத்து கிலோவை.
வளைவுகளில் என் தோள்மேல் சாயாத
ஒரே பயணி.

மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதுகிறவள் நான்.
ஒரு கிலோ கானாங்கெளுத்தி குறைந்தாலும்
இரவுக்குள் கண்டுபிடித்துவிடுவேன்.
அதனால் காருக்கும் ஒரு நோட்டு:

டயர் நான்கு, அறுபத்தெட்டாயிரம் யென்.
பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல், குளிரில் விரிந்தது, முப்பத்தோராயிரம்.
உயர்ரக பெட்ரோல், உயர்ரக பெட்ரோல், உயர்ரக பெட்ரோல்.
இரண்டு வருடத்துக்கொருமுறை அரசாங்கச் சோதனை.
பதின்மூன்று வயது தாண்டியதற்குக் கூடுதல் வரி:
மனிதருக்கு மூப்பு வந்தால் பேருந்தில் சலுகை,
இதற்கு அபராதம்.
நரி ஒன்று குறுக்கே வந்ததில் முன்விளக்கு.
(நரிக்கு ஒன்றுமில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.)

செப்டம்பரில் தொரியூமி காரைத் தூக்கி நிறுத்தி
கதவுக்குக் கீழே திருப்புளியால் தட்டினார்.
நனைந்த பிஸ்கட்டில் போல உள்ளே இறங்கியது.
கையை எடுத்துவிட்டார், அதுவாகவே நின்றது.
"நாலு லட்சத்து இருபதாயிரம்.
வண்டியே அவ்வளவு பெறாது."
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க
ஷிரெதொகோ கணவாய்வரை போனேன்.

பெத்ஸுகாயில் மூடுபனி விலகியது.
கூரையை மடித்தேன், ஹீட்டரை முழங்காலுக்குத் திருப்பினேன்.
நேர்க்கோடாய்ச் சாலை. இருபக்கமும் மாடுகள்.
முன்னால் ஒரு பால் லாரி.

ஏழாயிரம் சுற்றுவரை பாடக்கூடிய எஞ்சின்,
மணிக்கு நாற்பத்தெட்டில்,
பளபளக்கும் எஃகு உருளைக்குப் பின்னால்.
அந்த எஃகில் ஒரு சின்னச் சிவப்புக் கார்
என்னையே பார்த்தபடி வந்தது,
அதற்குள் கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தி.

முந்த இடமிருந்தது.
இரண்டு முறை கியரைக் குறைத்தேன், இரண்டு முறையும்
ஏதோ சொல்ல வந்து மறந்தவள்போல
பழைய கியருக்கே திரும்பினேன்.
வைக்கோல் வாசம், சாண வாசம், பெட்ரோல் வாசம்.
கூரையில்லாத காரில் வானம்
தலையில் கைவைத்தாற்போல் இருந்தது.

ஷிபெத்ஸுவில் லாரி பண்ணைக்குள் திரும்பியது.
ஓட்டுநர் ஜன்னல் வழியே கையை நீட்டி
போ, போ என்று அசைத்தார்.
முப்பத்தெட்டு கிலோமீட்டர்
நான் காத்திருந்ததாக நினைத்திருப்பார், பாவம்.

பிறகு மலை.
மூன்று, இரண்டு, மறுபடி மூன்று,
ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு
ஒவ்வொரு கூழாங்கல்லும் சேதி சொன்னது.
உச்சியில் கடலுக்கப்பால் குனாஷிர் தெரிந்தது.
இறங்கி நின்று
கதவுக்குக் கீழே துரு இருந்த இடத்தைத் தொட்டேன்.
கொஞ்சம் உதிர்ந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், ஏனென்று தெரியாது.

அன்றிரவு நோட்டில் எழுதினேன்:
பெட்ரோல், ஏழாயிரத்து எண்ணூறு.
சூடான சோளம் ஒன்று, முந்நூற்றைம்பது.
பால் லாரிக்குப் பின்னால், முப்பத்தெட்டு கி.மீ.,
தொகைக் கட்டத்தில் பேனா நின்றது.
எதிலும் சேராமல் கோடு மட்டும் போட்டேன்.
தணிக்கைக்கு இந்த நோட்டு போவதில்லை.

"வெல்டிங் வையுங்கள்" என்றேன் போனில்.
மறுபக்கம் கொஞ்ச நேரம் மௌனம்,
அப்புறம் ஒரு சிரிப்பு.
"உங்களுக்கு முன்னால் மூன்று பைத்தியங்கள் வரிசையில் இருக்கிறார்கள்.
மே மாதம் ஆகும்."

கணவாய்ச் சாலையைப் பனி மூடிவிட்டது.
இப்போது வேலைக்குப் பேருந்தில் போகிறேன்.
துறைமுகத்து மேட்டில் அது முக்கி ஏறும்போது
மடியிலிருக்கும் பையின் கைப்பிடியை
என் இடது கை
மெதுவாக
இரண்டாவது கியருக்குத் தள்ளுகிறது.